பிரைமரின்மேல் விழும் குறை அடி: காரணங்களும் கண்டறியும் முறையும்

முன்னுரை

அரைத் தானியங்கிப் பிஸ்டலில் டிரிகரை இழுத்ததும் ஹாமர் விழும் ஓசை கேட்கிறது. ஆனால் தோட்டா வெடிப்பதில்லை. அத்தோட்டாவை வெளியே எடுத்து நோக்கினால், அதன் அடிப்புறத்தின் நடுவிலுள்ள பிரைமரில் ஒரு சிறு குழி காணப்படுகிறது. அக்குழி இருக்கவேண்டிய ஆழத்தில் இல்லை. அடி விழுந்திருக்கிறது, போதிய வலிமையுடன் விழவில்லை. இதனையே ‘குறை அடி’ என்று இக்கட்டுரையில் வழங்குவோம்.

இக்குறை இடைவிடாது தோன்றுவதன்று. சில துப்பாக்கிகளில் ஐம்பது தோட்டாக்களுக்கு ஒன்று, சிலவற்றில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் தோன்றி மறையும். வெடியாத தோட்டாவை மீண்டும் ஏற்றிச் சுட்டால் பெரும்பாலும் வெடித்துவிடும். ஆகவே “தோட்டா பழையது” என்று கூறி அதனை அத்துடன் மறந்துவிடுவதே பலரின் வழக்கம். இவ்வழக்கத்தில் இரண்டு தீங்குகள் உள. முதலாவது, வெடியாத அந்த ஒரு தோட்டா பயிற்சித் திடலில்தான் அமையும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. காவற் பணியிலிருப்பவரின் உயிர் அதனைச் சார்ந்திருக்கும் தருணத்திலும் அது அமையலாம். இரண்டாவது, அதே தோட்டாவை மறுமுறை சுட்டுவிடுவதனால், குறை எங்கே உள்ளது என்பதைக் காட்டக்கூடிய ஒரே சாட்சியம் அழிந்துபோகிறது.

படைக்கலங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் களப்பணியாளர்க்கும், பௌதிக ஆசிரியர்க்கும் இப்பொருள் ஒருங்கே பயன்தரும். முன்னவர்க்கு இது பாதுகாப்பைப் பற்றிய பொருள். பின்னவர்க்கு ஸ்பிரிங்கின் ஆற்றல், உராய்வு, நிகழ்தகவு ஆகிய மூன்றையும் ஒரே எடுத்துக்காட்டில் விளக்கத் தகுந்த பாடம்.

பிரைமர் எவ்வாறு பற்றுகிறது?

தோட்டாவில் நான்கு பகுதிகள் உண்டு: குண்டு, வெடிமருந்து, பித்தளை உறை, பிரைமர். பிரைமர் என்பது மெல்லிய உலோகக் கிண்ணம். அதனுள் அடியினால் பற்றும் இயல்புடைய இரசாயனக் கலவை சிறிதளவு அடைக்கப்பட்டிருக்கும். கலவைக்கு எதிர்ப்புறத்தில் ‘ஆன்வில்’ எனப்படும் சிறு பட்டடை உள்ளது. ஃபயரிங் பின் கிண்ணத்தின் முதுகில் அடிக்கும்போது கிண்ணம் உட்குழிகிறது. கலவை கிண்ணத்துக்கும் பட்டடைக்கும் இடையே நசுங்கித் தீப்பற்றுகிறது. அத்தீ உறையின் அடியிலுள்ள துளை வழியே சென்று வெடிமருந்தைப் பற்றவைக்கிறது.

அடியினால் தீ உண்டாக்கும் முறையைத் துப்பாக்கிக்கு முதன்முதல் பொருத்தியவர் ஸ்காட்லாந்து தேசத்துப் பாதிரியார் அலெக்ஸாண்டர் ஃபார்ஸைத் ஆவார். 1807-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று வழங்கும் பிரைமர் வகைகள் இரண்டும் 1866-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. பட்டடையைப் பிரைமருக்குள்ளேயே அமைத்தவர் இங்கிலாந்தின் உல்விச் ஆயுதச்சாலையைச் சேர்ந்த பாக்ஸர். அதனை உறையின் பகுதியாகவே அமைத்தவர் அமெரிக்கரான பெர்டன். தொடக்கத்தில் பாதரசச் சேர்மம் ஒன்று கலவையாகப் பயன்பட்டது. அது வெப்பமான சேமிப்பறைகளில் நாளடைவில் கெட்டுவிடுவதாலும், வெளிப்படும் பாதரசம் பித்தளையை நொறுங்கச் செய்வதாலும், பின்னர் ஈயச் சேர்மங்கள் அதன் இடத்தைப் பெற்றன.

ஈண்டு நினைவில் நிறுத்தற்குரியது ஒன்று. பிரைமர் பற்றுவதற்கு வலிமை மட்டும் போதாது, விரைவும் வேண்டும். நசுங்குதல் ஒரு நொடியின் மிகச் சிறு கூறுக்குள் நிகழவேண்டும். ஆகவே ஹாமர் விழும் வேகத்தைக் குறைக்கும் எந்தத் தடையும், எத்துணைச் சிறியதாயினும், பிரைமரின் நடத்தையைப் பாதிக்கும்.

அடியின் ஆற்றல் செல்லும் வழி

இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்யப்பட்டு நம் நாட்டுப் படைகளிலும் காவல் துறையிலும் வழங்கிவரும் 9 மி.மீ. ஆட்டோ பிஸ்டல் 1ஏ என்பதை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இது பிரௌனிங் ஹை-பவர் பிஸ்டலின் அமைப்பைத் தழுவியது. இதில் ஹாமரைச் செலுத்தும் முதன்மை ஸ்பிரிங் கைப்பிடிக்குள் இருக்கிறது. ஹாமரைப் பின்னிழுக்கும்போது இந்த ஸ்பிரிங் அமுங்கி ஆற்றலைச் சேமிக்கிறது. டிரிகரை இழுத்ததும் ஹாமர் விடுபட்டு, ஸ்லைடின் பின்புறத்திலுள்ள ஃபயரிங் பின்னை மோதுகிறது. ஃபயரிங் பின் தன் சிறு மீள் ஸ்பிரிங்கின் எதிர்ப்பை வென்று முன்னோக்கிப் பாய்ந்து பிரைமரை அடிக்கிறது.

இந்த ஃபயரிங் பின் தான் இருக்கும் துளையைவிடச் சற்றுக் குட்டையானது. ஹாமர் அதன்மேல் படிந்து நிற்கும்போது அதன் முனை பிரைமரைத் தொடுவதில்லை. மோதலில் பெற்ற வேகத்தினால் மட்டுமே அது பிரைமரை எட்டுகிறது. இது பாதுகாப்புக் கருதிச் செய்த ஏற்பாடு. ஆயினும் இதன் விளைவாக, இடைவழியில் ஏற்படும் சிறு தடையும் அடியைத் தளர்த்திவிடும். கிளாக் 17 போன்ற பிஸ்டல்களில் தனி ஹாமர் இல்லை. ஸ்பிரிங் நேரே ‘ஸ்டிரைக்கர்’ என்னும் முள்ளைச் செலுத்துகிறது. ஆற்றல் செல்லும் வழி அவற்றில் குறுகியது; எனினும் பின்வரும் ஆராய்ச்சி முறை அவற்றுக்கும் பொருந்தும்.

ஆக, ஆற்றல் முதன்மை ஸ்பிரிங்கில் தொடங்கி, ஹாமர், ஃபயரிங் பின், பிரைமர்க் கிண்ணம் ஆகியவற்றின் வழியே கலவையை அடைகிறது. குறை அடி என்பது, இவ்வழியில் எங்கோ ஓரிடத்தில், அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், ஆற்றல் சிந்திவிட்டது என்பதன் அறிகுறியேயாகும். ‘எப்பகுதியை மாற்றுவது?’ என்று தொடங்குவதைவிட, ‘ஆற்றல் எங்கே சிந்தியது?’ என்று வினவித் தொடங்குவதே முறையாகும்.

ஒரு கணக்கு

சிறு குறைகள் சேர்ந்து பெருங்குறை ஆவது எங்ஙனம் என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். கீழ்வரும் எண்கள் வகுப்பறைக்கெனக் கொண்டவை. எந்தக் குறிப்பிட்ட துப்பாக்கியையும் அளந்து பெற்றவை அல்ல.

ஒரு ஸ்பிரிங்கை 1 மி.மீ. அமுக்குவதற்கு 4 நியூட்டன் விசை தேவை என்று கொள்வோம். ஹாமர் விழுந்த நிலையில் அது 10 மி.மீ. அமுங்கியும், ஹாமரை ஏற்றிய நிலையில் 20 மி.மீ. அமுங்கியும் இருக்கட்டும். ஹாமர் விழும்போது வெளிப்படும் ஆற்றல், 4-இன் பாதியை (400 – 100)-ஆல் பெருக்கிய தொகை. அதாவது 600 நியூட்டன்-மி.மீ., அல்லது 0.60 ஜூல்.

பல ஆண்டுப் பயனால் ஸ்பிரிங் தளர்ந்து, அதன் இயல்பான நீளம் 2 மி.மீ. மட்டும் குறைந்துவிட்டதாகக் கொள்வோம். இப்போது அமுக்கம் முறையே 8 மி.மீ., 18 மி.மீ. ஆகும். வெளிப்படும் ஆற்றல், 4-இன் பாதியை (324 – 64)-ஆல் பெருக்கியது, அதாவது 0.52 ஜூல். இரண்டு மில்லிமீட்டர்ச் சுருக்கத்தால் ஏறத்தாழ 13 சதவிகித ஆற்றல் குறைந்துவிட்டது. கண்ணுக்கு அந்த ஸ்பிரிங் நன்றாகவே தோன்றும்.

இனி, ஃபயரிங் பின் துளையில் உறைந்த கிரீஸினால் இன்னும் 20 சதவிகிதம் இழக்கப்படுவதாகக் கொண்டால், எஞ்சுவது 0.87 பெருக்கல் 0.80, அதாவது முதலில் இருந்ததில் ஏறத்தாழ 70 சதவிகிதமே. தனித்தனியே நோக்கின் எந்தக் குறையும் துப்பாக்கியை நிறுத்தப் போதியதன்று. இரண்டும் கூடியபோது, பத்தில் மூன்று பங்கு போய்விட்டது.

துப்பாக்கியை அமைப்போர் பிரைமருக்குத் தேவையானதைவிட மிகுதியான ஆற்றலை வேண்டுமென்றே வைத்திருக்கின்றனர். அந்த மிகுதி உள்ளவரை, அழுக்கும் தளர்ச்சியும் வெளியே தெரிவதில்லை. மிகுதி கரைந்து எல்லையை நெருங்கியபின், பிரைமர்களுக்கிடையே இயல்பாக உள்ள சிறு வேற்றுமைகள் முக்கியத்துவம் பெறுகின்றன. எளிதில் பற்றுவது பற்றுகிறது. சற்றுக் கடினமானது பற்றாமல் நிற்கிறது. ஐம்பதில் ஒன்று தவறுவதன் பொருள் இதுதான். ‘நாற்பத்தொன்பது நன்றாக வெடித்தனவே’ என்பது துப்பாக்கிக்கு நற்சான்று ஆகாது. அந்த நாற்பத்தொன்பதும் விளிம்பில் நின்று வெடித்திருக்கக்கூடும்.

முதற்கடன்: பாதுகாப்பு

காரணத்தை ஆராயுமுன் செய்யவேண்டியவை சில உள. பயிற்சித் திடலில் தோட்டா வெடியாது நின்றால், குழலைக் குறி மேடையை நோக்கியே வைத்துக்கொண்டு குறைந்தது 30 விநாடி காத்திருத்தல் வேண்டும். தம் பிரிவின் நிலையாணை இதனினும் அதிகமான நேரத்தைக் கூறுமாயின் அதனையே பின்பற்றுக. பிரைமரோ மருந்தோ தாமதித்துப் பற்றும் ‘ஹாங் ஃபயர்’ என்ற நிகழ்ச்சி அரிதாயினும் பொய்யன்று. ஸ்லைடைத் திறந்தபின் தோட்டா கையருகில் வெடிக்குமாயின், பித்தளைச் சிதறல்கள் முகத்தையும் கண்களையும் தாக்கும்.

வழக்கமான வெடியோசைக்குப் பதிலாக அமுங்கிய சிற்றோசை கேட்டால், அது குறை அடி அன்று. பிரைமர் பற்றி, குண்டு குழலின் நடுவில் சிக்கி நிற்பதாக இருக்கலாம். அந்நிலையில் மற்றொரு தோட்டாவைச் சுடுவது குழலைப் பிளந்துவிடும். குழலைச் சோதித்த பின்னரே மேற்கொண்டு செயற்படுக.

உண்மையான ஆபத்து வேளையில் காத்திருத்தல் இயலாது என்பது வெளிப்படை. அதற்குப் பயிற்சியில் கற்பித்துள்ள உடனடி நடவடிக்கையே உரியது. இங்குக் கூறியவை பயிற்சிக்கும் பரிசோதனைக்கும் உரியவை.

குழியைப் படித்தல்

வெடியாத தோட்டாவைத் தனியே எடுத்து வைக்கவும். அதனுடன் துப்பாக்கியின் எண், தோட்டாவின் லாட் எண், மாகசீனில் அது எத்தனையாவது தோட்டா, அன்றைய வானிலை ஆகியவற்றைக் குறித்த சீட்டு ஒன்றையும் வைக்கவும். பின்னர் நல்ல வெளிச்சத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு குழியை நோக்குக.

வெடித்த தோட்டாவின் குழியோடு வெடியாததின் குழியை ஒப்பிடுகையில் எச்சரிக்கை வேண்டும். வெடிக்கும்போது எழும் அழுத்தம் பிரைமரைப் பின்னோக்கித் தள்ளி, அதன் உலோகத்தை ஃபயரிங் பின் முனையைச் சுற்றி வழியச் செய்கிறது. ஆகவே வெடித்தவற்றில் குழியின் வடிவம் மாறியிருக்கும். இடத்தை ஒப்பிடலாம்; ஆழத்தை அவ்வாறே ஒப்பிடுதல் தவறு.

குழி ஆழமாகவும் நடுவிலும் அமைந்து, தோட்டா வெடிக்கவில்லை எனின், அடி சரியாகவே விழுந்திருக்கிறது. குறை தோட்டாவில் உள்ளது. எண்ணெய் அல்லது ஈரம் பிரைமருக்குள் புகுந்து கலவையைக் கெடுத்திருக்கலாம், பட்டடை இல்லாதிருக்கலாம். சேம்பரிலும் தோட்டாக்களின் மேலும் எண்ணெய் தடவும் தீய பழக்கத்தினால் இது நேர்வதுண்டு. தோட்டாவுக்கு எண்ணெய் எக்காலத்தும் ஆகாது.

குழி ஆழமின்றி, நடுவில் இருப்பின், மூன்று காரணங்களை எண்ணுக: ஸ்பிரிங் தளர்ச்சி, ஃபயரிங் பின்னின் பாதையில் தடை, பிரைமர் உறையில் முற்றும் பதியாது மேலெழுந்து நிற்றல். மூன்றாவதை விளக்குதல் நலம். பிரைமர் உறையின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே அமைந்திருத்தல் வேண்டும். மேலெழுந்திருப்பின், முதல் அடியின் ஆற்றல் அதனை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிறது. பட்டடை ஊன்றி நிற்காததால் கலவை நசுங்குவதில்லை. இரண்டாம் அடியில் அது வெடிக்கும். ஆனால் தளர்ந்த ஸ்பிரிங்கின் அடியும் மறுமுறை வெடிக்கச் செய்வதுண்டு. ஆதலின், ‘இரண்டாம் முறை வெடித்தது’ என்பது மட்டுங்கொண்டு தோட்டாவைக் குற்றவாளியாக்குதல் பொருந்தாது. சுடுமுன்னரே தோட்டாக்களின் அடிப்புறத்தின் மேல் நேர்விளிம்புள்ள அளவுகோலைப் பிடித்து நோக்கினால் மேலெழுந்த பிரைமர் புலப்படும்.

குழி ஆழமின்றி, நடுவினின்று விலகியிருப்பின், ஸ்லைடு முழுவதும் முன்சென்று குழலோடு பூட்டிக்கொள்ளவில்லை என்று ஐயுறுக. ஸ்லைடு சற்றே பின்தங்கி நிற்கும்போது டிரிகர் இயங்காதவாறு தடுக்கும் அமைப்பு உண்டு; எனினும் மிகச் சிறிய இடைவெளியை அது தடுப்பதில்லை. அந்நிலையில் விழும் ஹாமர், தன் ஆற்றலில் ஒரு பகுதியை ஸ்லைடை மூடுவதிலேயே செலவிடுகிறது. சேம்பரில் அழுக்கு, மீள்ஸ்பிரிங்கின் தளர்ச்சி, மாகசீனின் உதடுகள் வளைந்திருத்தல் ஆகியவை இதற்கு வழிகோலும்.

குழி அகன்று, தட்டையாக, ஓரம் ஒழுங்கற்று இருப்பின், ஃபயரிங் பின்னின் முனை உடைந்தோ தேய்ந்தோ இருக்கலாம்.

குழியே மிகச் சிறிய புள்ளியாகத் தோன்றினால், வேறு தோட்டா ஏறிவிட்டதா என்றும் நோக்குக. 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டாவின் உறை ஏறத்தாழ 19 மி.மீ. நீளமுடையது, 9 மி.மீ. ஷார்ட் என்பதன் உறை ஏறத்தாழ 17 மி.மீ. மட்டுமே. முந்தியது தன் உறையின் வாய் விளிம்பு சேம்பரின் படியில் முட்டி நிற்பதனால் இடம் பெறுகிறது. குட்டையான தோட்டா அப்படியை எட்டாது. எக்ஸ்ட்ராக்டரின் நகம் மட்டுமே அதனைப் பிடித்து நிற்கும். அடி விழும்போது அது முன்னே நழுவி, அடியின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. இரண்டும் 9 மி.மீ. என்றே பெயர் பெற்றிருப்பதனால் இத்தவறு எளிதில் நேரும். வெடித்துவிடின் ஆபத்தும் உண்டு. சேம்பர் தேய்ந்து ஆழமாகிவிட்ட துப்பாக்கியிலும் இதே விளைவு சிறிய அளவில் தோன்றும்.

சோதிக்கும் ஒழுங்கு

எளியதை முன்னும் அரியதை பின்னுமாகச் சோதித்தல் வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல் வேண்டும். துப்புரவு செய்து, ஸ்பிரிங்கையும் மாற்றி, தோட்டாவின் லாட்டையும் மாற்றிய பின்னர்க் குறை நீங்கிற்று எனின், எதனால் நீங்கிற்று என்பதை யாரும் கூற இயலாது. அடுத்த துப்பாக்கிக்கு அந்த அனுபவம் பயன்படாது.

முதலாவது, துப்புரவு. குறை அடிக்குப் பெரும்பாலும் காணப்படும் காரணம் ஃபயரிங் பின் துளையிலுள்ள அழுக்கேயாகும். பித்தளைத் துகள், மருந்தின் கரி, தடித்துப்போன எண்ணெய் ஆகியவை அங்கே தேங்குகின்றன. சேமிப்பறையினின்று புதிதாக எடுத்த துப்பாக்கிகளில், துருவைத் தடுக்கப் பூசிய கிரீஸ் வெளிப்புறத்தில் துடைக்கப்பட்டும், இத்துளையில் அப்படியே விடப்பட்டும் இருப்பதைக் காணலாம். துளை சுத்தமாகவும், ஏறத்தாழ உலர்ந்தும் இருத்தல் வேண்டும். ‘நிறைய எண்ணெய் நல்லது’ என்ற எண்ணம் இங்குத் தீங்கு விளைக்கும். லடாக் போன்ற கடுங்குளிர்ப் பகுதிகளில் சாதாரண எண்ணெய் கெட்டிப்பட்டு ஃபயரிங் பின்னைப் பிடித்துக்கொள்ளும். ராஜஸ்தானத்துப் பாலையில் எண்ணெய்ப் பசை நுண்மணலைக் கவர்ந்து அரைப்புப் பசையாகிவிடும். கடற்கரை நிலையங்களில் உப்புக் காற்றினால் துரு ஏறும். இடத்துக்கேற்ற எண்ணெயையும் அளவையும் கைந்நூலின்படி கொள்க.

இரண்டாவது, ஃபயரிங் பின். துப்பாக்கியைக் காலி செய்து, ஸ்லைடைக் கழற்றியபின், பின்னைப் பின்புறத்தினின்று அழுத்தி விடுக. அது தடையின்றிச் சென்று உடனே துள்ளித் திரும்பவேண்டும். மந்தமாகத் திரும்பின் அழுக்கோ, வளைவோ, மீள் ஸ்பிரிங்கின் கோணலோ உளது. முனையின் வடிவையும் நோக்குக. பின்னைத் தடுக்கும் பாதுகாப்புக் கட்டை உள்ள பிஸ்டல்களில், டிரிகரை இழுக்கும்போது அக்கட்டை முழுவதும் விலகுகிறதா என்பதையும் நோக்குதல் வேண்டும்.

மூன்றாவது, ஹாமர். அதன் பக்கங்களில் உராய்ந்த பளபளப்பான கோடுகள் தென்பட்டால், அது சட்டத்தில் உரசி ஆற்றலை இழக்கிறது என்று கொள்க.

நான்காவது, முதன்மை ஸ்பிரிங். அதனை வெளியே எடுத்து, அதே வகைப் புது ஸ்பிரிங்கின் அருகே நிறுத்தி நீளத்தை ஒப்பிடுக. மேற்கண்ட கணக்கின்படி, இரண்டு மில்லிமீட்டரும் பொருட்படுத்தத் தக்கதே. டிரிகர் இலகுவாக வேண்டும் என்று ஸ்பிரிங்கின் சுற்று ஒன்றை வெட்டிவிடும் செயல் முற்றிலும் தகாது. அதனால் கிடைக்கும் இலகு, பிரைமருக்குரிய ஆற்றலினின்று திருடப்பட்டதேயாகும். அவ்வாறே, காரணத்தைத் தேடாமல் வலிய ஸ்பிரிங்கைப் பொருத்துவதும் தவறு. அது அழுக்கையும் தேய்வையும் சிலகாலம் மறைத்து வைக்குமேயன்றி நீக்காது.

ஐந்தாவது, சேம்பரும் மீள்ஸ்பிரிங்கும் மாகசீனும். ஆறாவது, அளவுகோல் கொண்டு சேம்பரின் ஆழத்தை அளத்தல். ஹாமர், முதன்மை ஸ்பிரிங், சேம்பர் ஆகியவற்றைத் தொடும் வேலைகள் ஆர்மரருக்கே உரியவை. களப்பணியாளர் தமக்கு அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் கழற்றாது, தம் குறிப்புகளுடன் துப்பாக்கியை அவரிடம் சேர்ப்பிக்க.

மாற்றிப் பார்த்தல்

குறை துப்பாக்கியிலா, தோட்டாவிலா என்பதைத் தீர்க்க ஒரு நேரிய முறை உண்டு. ‘அ’, ‘ஆ’ என இரண்டு துப்பாக்கிகளையும், 1, 2 என இரண்டு லாட் தோட்டாக்களையும் கொள்க. நான்கு வகையாகவும் சுடுக. ‘அ’ துப்பாக்கியில் இரு லாட்டுகளும் தவறினால் குறை துப்பாக்கியில். இரு துப்பாக்கிகளிலும் முதல் லாட்டே தவறினால் குறை தோட்டாவில். ‘அ’ துப்பாக்கியும் முதல் லாட்டும் சேர்ந்தபோது மட்டும் தவறினால், இரண்டுமே எல்லையருகில் உள்ளன: துப்பாக்கி சற்றுத் தளர்ந்தது, பிரைமர் சற்றுக் கடினமானது. இம்மூன்றாம் நிலையில்தான் ஆர்மரர் தோட்டாவையும், சேமிப்பறையினர் துப்பாக்கியையும் பழிப்பர். இருவர் கூற்றிலும் பாதி உண்மை உண்டு.

ஆனால் எத்தனை தோட்டாக்களைச் சுட்டால் முடிவு கூறலாம்? ஐம்பதில் ஒன்று தவறும் துப்பாக்கியில், ஒரு தோட்டா தவறாதிருக்கும் நிகழ்தகவு 0.98. பத்துத் தோட்டாக்கள் தொடர்ந்து தவறாதிருக்கும் நிகழ்தகவு 0.98-இன் பத்தாம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 0.82. குறையுள்ள துப்பாக்கியே ஐந்து முறையில் நான்கு முறை இச்சோதனையில் தேறிவிடும். ஐம்பது சுட்டாலும் அது தேறிவிடும் வாய்ப்பு 0.36. நூற்றைம்பது சுட்ட பின்னரே அவ்வாய்ப்பு 0.05-க்குக் கீழ் இறங்குகிறது. பழுது பார்த்தபின் ஒரு மாகசீனைச் சுட்டு, ‘சரியாகிவிட்டது’ என்று கையெழுத்திடுவது எத்துணைப் பிழையானது என்பதை இது காட்டும். நூற்றைம்பது தோட்டாக்கள் கிடைப்பது அரிது. ஆகவேதான், வெடியாது கிடைத்த ஒவ்வொரு தோட்டாவையும் பாதுகாத்து அதன் குழியைப் படிப்பது இன்றியமையாததாகிறது.

தோட்டாவின்றிச் செய்யும் ஒரு சோதனை

ஃபயரிங் பின் ஆற்றலுடன் வெளிவருகிறதா என்பதைப் பென்சில் ஒன்றினால் அறியலாம். அறையில் ஒரு தோட்டாவும் இல்லாதவாறு அகற்றிவிட்டு, துப்பாக்கி காலி என்பதை இருவர் தனித்தனியே கண்ணாலும் விரலாலும் உறுதி செய்தபின், ஆர்மரரின் மேற்பார்வையில் இதனைச் செய்க. மாகசீன் இன்றி டிரிகர் இயங்காத அமைப்புள்ள பிஸ்டலில் காலி மாகசீனைப் பொருத்துக. குழலை மேல்நோக்கி நிறுத்தி, ரப்பர் முனை கீழாக இருக்குமாறு பென்சிலைக் குழலுக்குள் இட்டு, முகத்தை விலக்கி, டிரிகரை இழுக்குக. நல்ல நிலையிலுள்ள துப்பாக்கி பென்சிலைக் குழலுக்கு வெளியே எறியும். ஒரே வகையைச் சேர்ந்த பல துப்பாக்கிகளில் ஒரே பென்சிலைக் கொண்டு எழும் உயரங்களை ஒப்பிட்டால், தளர்ந்தது எது என்பது தெரிந்துவிடும். இது ஒப்பீடு மட்டுமே. பிரைமர் பற்றும் என்பதற்கு உறுதி அன்று.

ஆசிரியர்களுக்கு

பள்ளியில் இப்பாடத்தைக் கற்பிக்கத் துப்பாக்கியோ தோட்டாவோ தேவையில்லை, கொண்டுவருதலும் கூடாது. எழுதுகோலிலுள்ள சிறு ஸ்பிரிங், கண்ணாடிக் குழாய், அதனுள் தடையின்றிச் செல்லும் ஆணி, களிமண் தட்டு ஆகியவை போதும். ஸ்பிரிங்கினால் உந்தப்பட்ட ஆணி களிமண்ணில் பதிக்கும் குழியின் ஆழத்தை மாணவர் அளக்கட்டும். பின்னர்க் குழாயில் சிறிது கிரீஸைப் பூசியும், ஸ்பிரிங்கின் அமுக்கத்தைக் குறைத்தும், களிமண் தட்டை மெத்தென்ற பஞ்சின்மேல் வைத்தும் மீண்டும் அளக்கட்டும். உராய்வு, சேமித்த ஆற்றல், தாங்கலின்மை ஆகிய மூன்றும் ஒரே விளைவைத் தருவதையும், குழியை மட்டுங்கொண்டு காரணத்தைப் பிரித்தறிய மேலும் சோதனை வேண்டியிருப்பதையும் அவர்கள் தாமே உணர்வர்.

மீள்பார்வை வினாக்கள்

1. வெடியாத தோட்டாவின் குழி ஆழமாக இருப்பின், குறை எங்குள்ளது? ஏன்?

2. மறுமுறை சுட்டபோது வெடித்த தோட்டாவைக் கொண்டு உறுதியான முடிவு கூற இயலாதது ஏன்?

3. மேற்கண்ட கணக்கில் ஸ்பிரிங் 3 மி.மீ. சுருங்கியிருப்பின் எஞ்சும் ஆற்றல் எவ்வளவு?

4. நூறில் ஒரு தோட்டா தவறும் துப்பாக்கி, ஐம்பது தோட்டாக்களைத் தவறாமல் சுடும் நிகழ்தகவு என்ன?

5. வலிய ஸ்பிரிங்கைப் பொருத்துவதனால் குறை நீங்கியதாகத் தோன்றினும், அதனைப் பரிகாரமாக ஏற்கலாகாது என்பதற்குக் காரணம் கூறுக.